பேட்ச் ஃபைலில் மக்கர் பண்ணும் குறிகளுக்குக் கைவைத்தியம்

மரவள்ளி லோடு கணக்கு, கரும்புப் பட்டுவாடா சீட்டு, கல்வராயன்மலை டூர் போட்டோ எல்லாவற்றையும் ஒரே தட்டில் பென்டிரைவில் ஏற்ற பேட்ச் ஃபைல் வைத்திருக்கும் தோழிகளே, இவை உங்களுக்கு.

1. ஃபோல்டர் பெயரில் இடைவெளியோ & குறியோ இருந்தால் இருபுறமும் டபுள் கோட்ஸ் போட்டுவிடுங்கள். மரவள்ளி&கரும்பு என்று சும்மா விட்டால், மரவள்ளியோடு கட்டளை முடிந்தது என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டு, கரும்பைத் தனிக் கட்டளையாக ஓட்டப் பார்க்கும்.

2. திரையில் வாசகம் காட்டும் எக்கோ வரியில் கோட்ஸ் போட்டால் அதுவும் சேர்ந்தே திரையில் வரும். அங்கே 6-ஆம் எண் கட்டையில் இருக்கும் ^ குறியை முன்னால் வைத்து ^& என்று அடியுங்கள். |, <, > மூன்றுக்கும் இதேதான்.

3. சதவீதக் குறிக்கு மட்டும் ^ பலிக்காது, %% என்று இரட்டிக்க வேண்டும். "5% கழிவு, 2% கமிஷன்" என்று எக்கோ போட்டால், இரண்டு % நடுவே இருப்பதை ஏதோ மாறியின் பெயர் என்று விழுங்கிவிட்டு "5 கமிஷன்" என்று காட்டும். சேகோ ஃபேக்டரிக்காரரிடம் இந்தச் சீட்டை நீட்டினால் என்ன ஆகும், நீங்களே யோசியுங்கள்!

4. "பாயிண்ட் 28 > 26" என்று எக்கோவில் எழுதினால் திரையில் ஒன்றும் வராது. ஃபோல்டரில் 26 என்ற பெயரில் ஒரு ஃபைல் முளைத்திருக்கும், அதை அழித்துவிட்டு ^> போடுங்கள்.

5. தொகையை ஃபைலில் எழுதும்போது, தனியாக நிற்கும் ஒற்றை இலக்கத்தை ஒட்டி > வரக் கூடாது. "லோடு 2>கணக்கு" என்றால் அந்த 2-ஐப் பிழைச்செய்தி போகும் வழி என்று எடுத்துக்கொள்ளும், கணக்கு ஃபைல் காலியாகவே இருக்கும். >கணக்கு என்பதை வரியின் தொடக்கத்திலேயே வைத்துவிட்டால் தொல்லை விட்டது.

6. இஃப் அடைப்புக்குள் எழுதும் வாசகத்தில் ) வந்தால் ^) ஆக்குங்கள். இல்லையென்றால் அடைப்பு பாதியிலேயே மூடிக்கொள்ளும்.

7. வேர்டிலிருந்து காப்பி செய்த வளைந்த கோட்ஸ் உதவாது. நோட்பேடில் கையால் அடியுங்கள்.

8. ஃபைலை அழிக்கும் வரிக்கு முன்னால் முதலில் எக்கோ சேர்த்து ஓட்டிப் பாருங்கள், என்ன நடக்கப்போகிறது என்று செலவில்லாமல் தெரிந்துவிடும். ஆனால் கோட்ஸுக்குள் அடங்காத & நடுவில் இருந்தால், அதற்குப் பின்னால் உள்ளது நிஜமாகவே ஓடும், உஷார்.

9. வெள்ளிமலை, சின்னசேலம் என்று தமிழிலேயே ஃபோல்டர் வைப்பவர்கள், ஃபைலை பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8 ஆகச் சேமித்து, மேலே சி-எச்-சி-பி 65001 என்ற வரியைச் சேர்க்கவும். கறுப்புத் திரையில் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது ஃபான்ட் குறை, காப்பி சரியாகவே போயிருக்கும்.