வேறு வண்டிக்குச் சொன்ன வைத்தியம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்து வைத்தால் போதும், கோத்தகிரியில் எங்கள் வீட்டு வேலிக்கு அந்தப்புறம் கூட்டம் சேர்ந்துவிடும். பால் வாங்கப் போனவர், நாயைக் கூட்டிக்கொண்டு வந்தவர், தேயிலை லாரி ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் என்று மூன்று பேருக்குக் குறையாது. ஆளுக்கொரு வைத்தியம் கைவசம் இருக்கும். வண்டி மஹிந்திரா எம்எம் 540. பெஜோ வழி வந்த 2,112 சிசி டீசல் இன்ஜின். வயது முப்பதைத் தாண்டிவிட்டது.

வேலிக்கு அப்பாலிருந்து வந்த யோசனைகளில் பாதியைச் செய்து பார்த்து, வண்டியையும் கெடுத்து, கையையும் கிழித்துக்கொண்டவன் நான். அந்த உரிமையில் ஒன்று சொல்லலாம். அவற்றில் எதுவும் முழுப்பொய் இல்லை. எப்போதோ, யாருடைய வண்டிக்கோ சரியாக இருந்தவைதான். அந்த வண்டி காயலான் கடைக்குப் போய்விட்டது. வைத்தியம் மட்டும் வாய்வழியாக என் வண்டிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

"தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறி, இன்ஜின் ஹீட்டே ஆகாது."

மலையேறும் வண்டி வைத்திருப்பவர் காதில் முதலில் விழும் உபதேசம் இதுதான். தெர்மோஸ்டாட் என்பது இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியில் உட்கார்ந்திருக்கும் சின்ன வால்வு. உள்ளே கொஞ்சம் மெழுகு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்வரை கதவை மூடி வைத்திருக்கும்; தண்ணீர் 80 டிகிரி செல்சியஸை ஒட்டி வந்ததும் மெழுகு உருகி, விரிந்து, கதவைத் தள்ளித் திறக்கும். மூடியபடியே அது சிக்கிக்கொண்டால் இன்ஜின் கொதிக்கும். அப்போது நடுவழியில் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஊர் வந்து சேர்வது கெட்டிக்காரத்தனம். லாரிக்காரப் பெரியவர் அந்தக் காலத்தில் செய்தது அதைத்தான். ஊர் வந்த பிறகு புதிதாக ஒன்று வாங்கி மாட்டவேண்டும் என்ற பகுதிதான் கதையில் விட்டுப்போனது.

நானும் பிடுங்கிப் போட்டு இரண்டு வருஷம் ஓட்டினேன். டெம்பரேச்சர் முள் அசையவே அசையாது. "நம்ம வண்டி ஹீட்டே ஆகாதுங்க" என்று பெருமை வேறு. உண்மையில் இன்ஜின் குளிரில் நடுங்கிக்கொண்டே ஓடியிருக்கிறது. குளிர்ந்த சிலிண்டரில் டீசல் முழுதாக எரியாது. கரி படியும், எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி இன்ஜின் ஆயிலையும் நீர்க்க வைக்கும். இதைவிட மோசமானது இன்னொன்று. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் ரேடியேட்டர் பக்கம் கதவைத் திறக்கும்போதே, தண்ணீர் குறுக்கு வழியில் இன்ஜினுக்குத் திரும்பும் பாதையை அடைத்துவிடும். அதை எடுத்துவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் உள்ளேயே சுற்றும். மேட்டுப்பாளையத்திலிருந்து முழு லோடோடு ஏறும்போதுதான் அது தெரியும்.

சோதிப்பது சுலபம். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பை மூட்டவேண்டும். தண்ணீர் கொதிப்பதற்குள் வாய் திறந்தால் நல்லது, இல்லாவிட்டால் மாற்றவேண்டும். வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் பாத்திரம் எடுப்பது உத்தமம்.

இதோடு ஒட்டிப் பிறந்தது, "நம்ம ஊருத் தண்ணியே பன்னீர், கூலன்ட் எதுக்கு?" என்பது. கூலன்ட் குளிர்விப்பதற்கு மட்டும் என்று பெயரை வைத்து நினைக்கிறோம். அதில் பாதி வேலை துருவைத் தடுப்பது. வார்ப்பிரும்பு பிளாக்கில் வெறும் தண்ணீர் ஊற்றினால், எவ்வளவு தெளிந்த ஊற்றுத் தண்ணீரானாலும், ஒரு மழைக்காலம் முடிவதற்குள் ரேடியேட்டருக்குள் டீ டிகாக்ஷன் நிறம் வந்துவிடும். கொதிநிலை விஷயமும் இருக்கிறது. 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான் நாம் தப்பிக்கிறோம். சதுர அங்குலத்துக்கு ஒவ்வொரு பவுண்டு அழுத்தமும் கொதிநிலையைச் சுமார் ஒன்றரை டிகிரி தூக்கும். மூடியின் ரப்பர் காய்ந்துபோயிருந்தால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. ரேடியேட்டரையே மாற்றச் சொல்லும் முன் மூடியை மாற்றிப் பாருங்கள்.

"கமான் பட்டைக்கும் சேஸுக்கும் பழைய ஆயில் அடிச்சு விடு, துருவும் பிடிக்காது, சத்தமும் வராது."

இந்த நம்பிக்கையின் பூர்வீகம் எனக்குப் பிடித்தமானது. 1941இல் பிறந்த வில்லிஸ் ராணுவ ஜீப்பில் கமான் பட்டையைத் தாங்கும் ஷேக்கில்களில் ரப்பரே கிடையாது. மரை போட்ட இரும்பு புஷ், அதற்கு கிரீஸ் நிப்பிள். இரும்போடு இரும்பு உரசும் இடத்தில் எண்ணெய் காட்டுவது நியாயம்தான். பின்னால் வந்த வண்டிகளில் அந்த இடத்துக்கு ரப்பர் புஷ் வந்துவிட்டது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறி, உப்பி, நொறுங்கும். சத்தம் வருகிறதென்று எண்ணெய் அடிப்போம். எண்ணெய் புஷ்ஷைத் தின்னும். சத்தம் இன்னும் கூடும். மறுபடி எண்ணெய் அடிப்போம். நான் இப்படி மூன்று செட் புஷ் தின்னக் கொடுத்திருக்கிறேன். பழைய இன்ஜின் ஆயிலில் எரிந்த கரியும், அமிலமும், தேய்ந்த உலோகத் தூளும் கலந்திருக்கும். அது சேஸில் சேற்றைப் பிடித்து அப்பிக்கொள்ளும், மழையில் கழுவப்பட்டுப் பக்கத்து ஓடையில் இறங்கும். வாளியில் பிடித்து வைத்து ஆயில் சேகரிப்பவரிடம் கொடுப்பதுதான் வழி. துருவுக்குக் கம்பி பிரஷ், பிரைமர், பெயின்ட். அலுப்பான பதில்தான், வேறு பதில் இல்லை.

கியர் ஆயில் கதையும் இதே ரகம். கடையில் போய் "90 நம்பர் குடுங்க" என்றால் ஒரு டப்பாவைத் தூக்கி வைப்பார்கள். அந்த 90 எண்ணெயின் கெட்டித்தன்மையை மட்டும்தான் சொல்லும். அதற்குப் பக்கத்தில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று சிறிய எழுத்தில் இருப்பதுதான் விஷயம். மெக்கானிக்குகள் ஹவுசிங் என்று சொல்லும் டிஃபரன்ஷியலில் பல்லோடு பல் வழுக்கி உரசும். அதற்குக் கந்தகமும் பாஸ்பரஸும் தூக்கலாக உள்ள ஜிஎல்-5 வேண்டும். கியர்பாக்ஸில் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் இருக்கின்றன. அந்த ரசாயனம் சூட்டில் பித்தளையை அரிக்கக்கூடியது. தவிர, வளையம் பிடித்து நிறுத்தவேண்டிய இடத்தில் எண்ணெய் அளவுக்குமீறி வழுக்கினால் கியர் கரகரக்கும். உங்கள் மேனுவல் கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 என்றால் அதைத்தான் ஊற்றவேண்டும். சிங்க்ரோவே இல்லாத பழைய லாரியில் இரண்டு இடத்திலும் ஒரே டப்பாவை ஊற்றிப் பழகியவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பிரேக் ஆயில் என்ற பெயரே ஒரு பொய். அது எண்ணெய் இல்லை, கிளைகால் வகை திரவம். குறைந்தால் அவசரத்துக்கு இன்ஜின் ஆயில் விட்டால் உள்ளேயிருக்கும் ரப்பர் கப்புகள் எல்லாம் ஊதிப்போய் பிரேக் சிக்கிக்கொள்ளும். "அளவு குறையலையே, எதுக்கு மாத்தணும்?" என்பதும் தவறு. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புது டாட் 3 திரவம் குறைந்தபட்சம் 205 டிகிரியில்தான் கொதிக்கவேண்டும். ஈரம் ஏறிய நிலையில் அந்தத் தரம் 140 டிகிரிக்கு இறங்கிவிடும். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக்கை அழுத்தியபடியே இறங்கினால் திரவம் கொதித்து நீராவிக் குமிழ் உண்டாகும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றி, ஏர் எடுத்துவிட வேண்டும். அதே காரணத்தால் இரண்டாவது கியரிலேயே இறங்கவும் வேண்டும்.

"ஹேண்ட் பிரேக் போட்டு, கியர்ல வெச்சா வண்டி நகராது, தைரியமா அடியில போ."

இது மட்டும் ஆளைக் கொல்லும். காருக்கு ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்கள் இரண்டையும் தனித்தனியே பிடிக்கும். வில்லிஸ் வழி வந்த பழைய ஜீப்புகளில் அது சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின்பக்கம் போகும் ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஷாஃப்ட் நின்றாலும் அதற்கப்பால் டிஃபரன்ஷியல் இருக்கிறதே! பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிவிட்டால், தூக்கிய சக்கரம் பின்னோக்கிச் சுழல, தரையிலிருக்கும் சக்கரம் தாராளமாக உருளும். கியரில் வைத்தாலும் இதே கதிதான். இங்கே எங்கள் ஊரில் சமதரை என்று ஒன்று கிடையாது. அரையடி சரிவில் என் ஜீப் ஜாக்கியிலிருந்து சரிந்ததை நான் வெளியே நின்று பார்த்தேன். ஸ்பேனர் எடுக்க எழுந்து வந்திருந்ததால் வெளியே நின்றேன், அவ்வளவுதான்.

தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்காமல் ஜாக்கியைத் தொடக்கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு; தாங்குவதற்கு ஜாக்கி ஸ்டாண்ட். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். அது விரிசல் விட்டு முன்கூட்டியே எச்சரிக்காது, ஒரே நொடியில் பொடியாகும்.

சக்கரம் கழற்றும்போது இன்னொன்று. வில்லிஸ் காலத்து ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடமரை. நண்பரின் பழைய ஜீப்பில் ஸ்பேனருக்கு இரும்புக் குழாய் செருகி, அதன்மேல் ஏறி நின்று, கழற்றுவதாக நினைத்து இறுக்கி, ஸ்டட்டையே முறித்தேன். போல்ட் நுனியில் பெரும்பாலும் எல் என்ற எழுத்து இருக்கும், கிரீஸைத் துடைத்தால் தெரியும். மரை கழன்றவன் என்று வேலிப்பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. கழன்றிருந்தால்தான் பிரச்சினையே இல்லையே.

குளிர்காலத்தில் ஜீப் கிளம்பவில்லை என்றால் "கம்ப்ரஷன் போச்சு, இன்ஜினை இறக்கணும்" என்று உடனே தீர்ப்பு வரும். பெஜோ மாதிரி முன்னறை வைத்த டீசல் இன்ஜினில் அந்த அறையின் சுவரே சூட்டைக் குடித்துவிடும். ஹீட்டர் பிளக் இல்லாமல் விடியற்காலையில் பற்றாது. பிளக்கைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் உள்கம்பி அறுந்திருக்கிறதா என்று ஒரு நிமிஷத்தில் தெரியும். செல்ஃப் மோட்டார் முனகினால் பேட்டரி வாங்க ஓடுவதும் அப்படித்தான். இன்ஜின் ரப்பர் மவுண்ட்டுகள்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதையும் சேஸையும் இணைக்கும் எர்த் பட்டை துருப்பிடித்தால் மின்சாரம் வேறு வழி தேடி ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகக்கூடப் போகும். செல்ஃப் அடிக்கும்போது கேபிள் சுட்டால் குற்றவாளி யாரென்று புரிந்துவிடும். உப்புத்தாளும் பத்து நிமிஷமும் செலவு. பேட்டரியில் கை வைக்கும் முன் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில்.

கரும்புகை வந்தால் வண்டி பவர் என்று பம்ப் ஸ்குரூவைத் திருகுகிறவர்களுக்கு ஒரே வரி: அது எரியாமல் வெளியே போகும் உங்கள் பணம். முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள்.

"மழை ரோடோ காய்ஞ்ச ரோடோ, மலைன்னா ஃபோர் வீல் போட்டுட வேண்டியதுதான்" என்பது புதிய கார்களிலிருந்து வந்த தொற்று. எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகள் பலவற்றில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே ஒரு டிஃபரன்ஷியல் உண்டு. நம் ஜீப்பில் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடவேண்டும். சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க முடியாமல் ஷாஃப்டுகள் முறுக்கிக்கொள்ளும். லீவர் இறுகி, கையோடு வராது. நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு விடும். லீவரை உதைத்தால் கிராஸ் ஜாயின்ட் போகும்.

இப்போது முன்சக்கரம் ஆடுகிறது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழியில் விழுந்தால் ஸ்டியரிங் கையை உதறுகிறது. "டேம்பர் மாட்டிடு தம்பி, நின்னுடும்" என்றார்கள். மாட்டினேன், ஆட்டம் ஒரு மாதம் ஒளிந்துகொண்டது, போகவில்லை. வீல் பேலன்ஸ் சரி, டை ராட் எண்டு புதுசு. மிச்சமிருப்பது கிங்பின் பேரிங். அதன் இறுக்கத்தை ஷிம் தகடுகளைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்து, ஸ்பிரிங் தராசால் இழுத்து அளக்கவேண்டும். என்னிடம் தராசு இல்லை என்றதும் லாரிக்காரப் பெரியவர் வீட்டுக்குப் போய், மீன் நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்றைக் கொண்டுவந்தார். தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கச் சொன்ன அதே பெரியவர். கொக்கியை ஆர்மில் மாட்டிக்கொண்டு கேட்டார்: "எத்தனை கிலோ காட்டணும் தம்பி?"

கிரீஸ் அப்பிய மேனுவலில் அந்தப் பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.