பல் நிலைக்க வேண்டுமா? புகையை விடுங்கள்!

"பல் போனால் சொல் போச்சு" என்பது நம் பழமொழி. கடை வைத்துப் பேசிப் பிழைக்கும் நம்மவர்களுக்குச் சொல் போனால் வியாபாரமும் போச்சு! ஆகவே இம்முறை நம் மருத்துவப் பகுதியில், விழுந்த பல்லுக்குப் பதிலாகத் தாடையில் பதிக்கப்படும் செயற்கைப் பல்லைப் பற்றியும், அதற்குப் புகை எப்படிப் பகையாகிறது என்பதைப் பற்றியும் பார்ப்போம்.

மட்டாஞ்சேரியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர், மகள் கல்யாணத்துக்குள் வாய் நிறையப் பல்லோடு இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். மலையாளத்தில் 'வெப்புப்பல்' என்கிறார்களே, அந்தக் கழற்றி மாட்டும் பல்செட்டு அவருக்குப் பிடிக்கவில்லை. சீட்டுப் பணத்தை எடுத்து மேல்தாடையில் இரண்டு 'இம்ப்ளாண்ட்' வைத்துக்கொண்டார். நான்கு மாதத்தில் ஒன்று ஆடத் தொடங்கி, எடுக்கவேண்டியதாயிற்று. "டாக்டர் மேல குத்தம் இல்லை அண்ணாச்சி. பீடியை விடச் சொன்னாரு, நான்தான் விடலை" என்று என்னிடம் சொன்னார். மற்றவர்களுக்காவது பயன்படட்டும் என்று அவர் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன்.

இம்ப்ளாண்ட் என்பது என்ன?

இது டைட்டானியம் என்ற உலோகத்தால் ஆன சிறிய திருகாணி. பல்லின் வேர் இருந்த இடத்தில் இதைத் தாடை எலும்புக்குள் பதிப்பார்கள். பிறகு அதன் மேல் பல் வடிவில் மூடி பொருத்துவார்கள். சுவீடன் நாட்டு மருத்துவர் பிரோனமார்க் 1952-இல் முயலின் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றை வைத்து இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். ஆராய்ச்சி முடிந்து அதைக் கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதனோடு ஒட்டி வளர்ந்திருந்தது. இதைக் கொண்டே 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டானிய வேர்களைப் பதித்தார்.

ஆகவே இம்ப்ளாண்ட்டைப் பிடித்து வைத்திருப்பது பசையோ சிமெண்டோ அல்ல, நம் எலும்புதான். அது வளர்ந்து பிடிக்கக் கீழ்த்தாடையில் சுமார் மூன்று மாதமும், எலும்பு மென்மையாக உள்ள மேல்தாடையில் ஆறு மாதம் வரையும் ஆகலாம். நட்ட நாற்று வேர் பிடிக்கும் காலம் போன்றது இது. நாற்றுக்குத் தண்ணீர் எப்படியோ, எலும்புக்கு இரத்தம் அப்படி.

புகை என்ன செய்கிறது?

1. நிகோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புண் ஆற வேண்டிய இடத்துக்கு இரத்தம் குறைவாகவே வருகிறது.

2. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தில் பிராணவாயு இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வருகிற கொஞ்ச இரத்தத்திலும் சத்துக் குறைவு.

3. கிருமிகளோடு போராடும் வெள்ளை அணுக்கள் வலுவிழக்கின்றன. இம்ப்ளாண்ட்டைச் சுற்றிச் சீழ் பிடித்து எலும்பு கரையக்கூடும்.

4. புகைப்பவரின் ஈறில் இரத்தம் கசிவது குறைவு. இதை ஆரோக்கியம் என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது. நோய் உள்ளே இருக்க, அடையாளம் மட்டும் மறைந்திருக்கும்.

1993-இல் பெயின், மோய் என்ற இருவர் 540 பேருக்கு வைத்த 2,194 இம்ப்ளாண்ட்டுகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். புகைக்காதவர்களுக்கு நூற்றுக்கு ஐந்து அளவில் தோற்றன. புகைப்பவர்களுக்கோ நூற்றுக்குப் பதினொன்று. இன்று இம்ப்ளாண்ட்டின் தரம் உயர்ந்து எல்லோருக்குமே தோல்வி குறைந்திருக்கிறது. ஆனால் புகைப்பவர்கள் இன்னும் பின்தங்கியே நிற்கிறார்கள்.

"நான் சிகரெட் தொடுவதில்லை, பீடிதான்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பீடியிலும் நிகோட்டினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறைவில்லாமல் வருகின்றன. வெற்றிலையோடு புகையிலை போடுவதும் தீர்வாகாது. அதிலும் நிகோட்டின் உண்டு. வாய்ப் புற்றுநோய்க்கும் அது வழி.

விட்டால் பலன் உண்டா?

நிச்சயம் உண்டு. 1996-இல் பெயின் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பிருந்து எட்டு வாரம் பின்புவரை புகைக்காமல் இருந்தவர்களைவிட, விடாமல் புகைத்தவர்களுக்கே இம்ப்ளாண்ட்டுகள் மிக அதிகமாகத் தோற்றன. ஒன்பது வாரம் பொறுத்தவருக்கு அதற்குப் பிறகும் விட்டிருப்பது கடினமல்ல. எட்டு வாரம் கழித்து மீண்டும் பற்ற வைத்தால் எலும்பு கரையும் அபாயமும் திரும்ப வரும்.

டாக்டரிடம் புகைப் பழக்கத்தை மறைக்காதீர்கள். தினம் எத்தனை, எத்தனை வருடமாக என்று சொல்லுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள். புகையிலைப் பொட்டலங்களில் அச்சிடப்பட்டுள்ள 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் பழக்கத்தை விட ஆலோசனை கிடைக்கும்.

காயலுக்கு அக்கரையில் எறணாகுளத்திலுள்ள கேரள உயர்நீதிமன்றம், 1999 ஜூலை 12-ஆம் நாள் பொது இடங்களில் புகைப்பதற்குத் தடை விதித்தது நினைவிருக்கும். அந்தத் தீர்ப்பை வழங்கிய இருவரில் ஒருவர், தேவகோட்டையில் பிறந்த நம் தமிழர், நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன். 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் அத்தகைய தடை வந்தது. சட்டம் தெருவில் புகையைத் தடுக்கலாம். வீட்டுத் திண்ணையிலும் கடையின் பின்கட்டிலும் தடுக்க வேண்டியவர்கள் நாம்தாம்.

நம் அன்பர் இப்போது பீடியை விட்டு ஐந்து மாதம் ஆகிறது. மிஞ்சிய ஒரு இம்ப்ளாண்ட் நன்றாகப் பிடித்து, மூடியும் பொருத்தியாகிவிட்டது. மற்றதை எலும்பு தேறியபின் மறுபடி வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "ரெண்டாவது சீட்டு எடுக்கிறதுக்கு முன்னாடியே விட்டிருக்கலாம்" என்கிறார் அவர். நீங்கள் முதல் சீட்டு எடுப்பதற்கு முன்பே விட்டுவிடுங்கள்.