மேசைமேல் ஒரு மலைப்பாதை

நுழையும்முன்

விடுமுறை நாள் வந்தால் சிலர் கடற்கரைக்குச் செல்வர். சிலர் உறவினர் வீட்டிற்குச் செல்வர். வேறு சிலரோ வீட்டின் ஓர் அறைக்குள் புகுந்து, விரல் அகலமே உள்ள தண்டவாளத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருப்பர். மாதிரி இரயில் ஆர்வலர் எனப்படும் அவர்களைப் பற்றியது இப்பாடம்.

திருவனந்தபுரத்தில் வாழும் மாணவர் பலர் வேளி சுற்றுலாக் கிராமத்தைக் கண்டிருப்பர். கடலும் காயலும் கைகோக்கும் அவ்விடத்தில் 2020ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஒரு சிறிய இரயில் ஓடத் தொடங்கியது. அது சூரிய ஒளியிலிருந்து பெறும் மின்சாரத்தால் இயங்குவது. மூன்று பெட்டிகள், ஒரே நேரத்தில் ஏறத்தாழ 45 பேர் அமரலாம், பாதையின் நீளம் இரண்டரைக் கிலோமீட்டர். பழைய நீராவி இன்ஜினைப் போல முகப்பும், அதிலிருந்து எழும் செயற்கைப் புகையும் குழந்தைகளை ஈர்க்கின்றன. ஆயினும் அது ஏறிச் செல்வதற்கான வண்டி. மாதிரி இரயில் என்பது வேறு. அதில் எவரும் ஏற இயலாது. கண்ணால்தான் பயணம் செய்ய வேண்டும்.

பொம்மை இரயிலுக்கும் மாதிரி இரயிலுக்கும் உள்ள வேறுபாடு ஒரே சொல்லில் அடங்கும்: அளவு. பொம்மையில் சக்கரம் பெரிதாக இருக்கலாம், சன்னல் சிறிதாக இருக்கலாம். எவரும் குறை கூறார். மாதிரியிலோ ஒவ்வோர் உறுப்பும் ஒரே விகிதத்தில் சுருங்க வேண்டும். உலகில் மிகப் பலர் கையாளும் விகிதம் 87இல் ஒரு பங்கு. இதற்கு ‘எச்ஓ’ என்று பெயர். 1891ஆம் ஆண்டு ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம், லைப்சிக் நகரச் சந்தையில், பொம்மை இரயில் பாதைகளின் அகலத்தை எண்களால் வகைப்படுத்தி விற்கத் தொடங்கியது. பின்னர் வந்த ‘ஓ’ என்னும் அளவில் பாதியாக அமைந்தமையால் ‘எச்ஓ’ அப்பெயர் பெற்றது. எச் என்பது ‘பாதி’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து.

இவ்விகிதத்தைக் கொண்டு ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம். சென்னைப் பெரம்பூரில் 1955 முதல் இயங்கும் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் உருவான பயணிகள் பெட்டியின் நீளம் ஏறத்தாழ 21.3 மீட்டர். 87ஆல் வகுத்தால் இருபத்து நான்கரை சென்டிமீட்டர் வரும். 24 பெட்டிகள் கொண்ட வண்டியை முழுமையாக அமைத்தால் பெட்டிகள் மட்டுமே 5.88 மீட்டர் நீளும். நகரத்து அடுக்ககத்தில் எந்தக் கூடம் அதற்கு இடங்கொடுக்கும்? ஆகவே ஆர்வலர்கள் ஐந்தாறு பெட்டிகளோடு நிறுத்திக்கொள்கின்றனர். வளைவுகளிலும் இதே நெருக்கடிதான். மேசையில் பொருந்தும் 44 சென்டிமீட்டர் ஆர வளைவை 87ஆல் பெருக்கினால் 38 மீட்டர்தான் வரும். அத்தனை குறுகிய வளைவில் உண்மையான விரைவு வண்டி ஒருபோதும் திரும்பாது. வளைவை ஒரு குகைக்குள் மறைத்துவிடுவது ஆர்வலர்களின் பழைய தந்திரம்.

சனிக்கிழமைக் காலை பெரும்பாலும் ஓட்டத்தில் தொடங்குவதில்லை, துடைப்பதில் தொடங்குகிறது. மாதிரி இன்ஜினுக்கு மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகவே செல்கிறது. ஒரு தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியே ஏறி, மோட்டாரைச் சுழற்றி, மறு தண்டவாளத்தின் வழியே திரும்புகிறது. வழக்கமான அமைப்பில் இது 12 வோல்ட் நேர்மின்னோட்டம். மின்முனைகளை மாற்றினால் வண்டி பின்னோக்கி ஓடும். சக்கரத்திற்கும் தண்டவாளத்திற்கும் இடையே சிறிதளவு அழுக்குப் படிந்தாலும் வண்டி நடுவழியில் நின்றுவிடும். தண்டவாளம் பெரும்பாலும் ‘நிக்கல் சில்வர்’ என்னும் கலவையால் ஆனது. பெயரில் வெள்ளி இருந்தாலும் பொருளில் வெள்ளி இல்லை; செம்பும் நிக்கலும் துத்தநாகமுமே உள்ளன. கடலோர நகரமான திருவனந்தபுரத்தில் ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் மிகுதி. சூன் மாதம் பருவமழை இறங்கிவிட்டால் கேட்கவே வேண்டா. ஒரு வாரம் ஓடாத பாதையை ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்காமல் வண்டியை ஏற்றுவது வீண் முயற்சி.

நண்பர்கள் கூடியபின் பேச்சு பல திசைகளில் செல்லும். மரத்திற்கு எந்தப் பஞ்சு, மலைக்கு எத்தனை தெர்மாகோல் பலகை, செம்புக் கம்பி சாலைக் கடைத்தெருவில் எந்தப் பக்கம் கிடைக்கும் என்றெல்லாம் பேசுவர். உலர்த்திய தேயிலைச் சக்கை நல்ல செம்மண்ணாகும் என்பார் ஒருவர். தேங்காய் நாரை நறுக்கினால் காய்ந்த புல் ஆகும் என்பார் மற்றொருவர். தேங்காய்க்கும் தேநீருக்கும் இந்நகரில் பஞ்சமில்லை. ஆனால் பேச்சு எங்குச் சுற்றினாலும் கடைசியில் ஒரே வாதத்தில் வந்து நிற்கும். அது பாதையின் அகலம் பற்றியது.

உலகின் பல நாடுகளில் தண்டவாளங்களின் இடைவெளி 1,435 மில்லிமீட்டர். அதை 87ஆல் வகுத்தே 16.5 மில்லிமீட்டர் எச்ஓ பாதை செய்யப்படுகிறது. இந்தியாவின் அகலப்பாதையோ 1,676 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 19.3 மில்லிமீட்டர் வர வேண்டும். கடையில் வாங்கும் பாதையில் இந்திய இன்ஜினை நிறுத்தினால், உண்மை அளவில் 24 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்கும் சற்று மிகுதியாகக் கால்களை ஒடுக்கி நிற்பதாகப் பொருள்.

விடுமுறைக்கு மாதிரி இரயில் காணவரும் பிள்ளைகளிடம் இவ்வாதம் பெரும்பாலும் இப்படித்தான் செல்லும்:

“மாமா, பாதையைச் சரியான அகலத்தில் நாமே செய்துவிடலாமே?”

“செய்யலாம், தம்பி. ஒவ்வொரு கட்டையிலும் தண்டவாளத்தைக் கையால் ஒட்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு சக்கரத்தையும் கழற்றி அச்சை நீட்ட வேண்டும். பாதை பிரியும் இடத்தில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் பெட்டி கவிழும்.”

“அப்படியானால் நாம் ஓட்டுவது பொய்யான பாதையா?”

இவ்வினாவிற்கு ஆர்வலர்களிடையே இன்றளவும் ஒருமித்த விடை இல்லை. அளவில் இம்மி பிசகினாலும் ஏற்காதவர்கள் ஒரு சாரார். வண்டி ஓடும்போது எவர் சக்கரத்தை அளக்கப்போகிறார் என்பவர்கள் மற்றொரு சாரார். இரண்டாமவர்கள் மகிழ்ச்சியாக இருக்கின்றனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் இச்சிக்கலிலிருந்து வெளியேற ஒரு வழி உண்டு. திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்கு அது நெருக்கமான வழியும்கூட. இந்தியாவில் செலவைக் குறைப்பதற்காக 1870களில் மீட்டர் பாதை கொண்டுவரப்பட்டது. அதன் இடைவெளி 1,000 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 11.5 மில்லிமீட்டர் ஆகும். சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளின் மீட்டர் பாதைகளுக்கென 12 மில்லிமீட்டர் மாதிரிப் பாதை ஆயத்தமாகவே விற்கப்படுகிறது. பிழை அரை மில்லிமீட்டர்தான். அகலப்பாதையில் ஒரு சாண் பிழையோடு ஓடுவதைவிட, மீட்டர் பாதையில் ஏறத்தாழ மெய்யாகவே ஓடலாம். அப்படியானால் எந்த மீட்டர் பாதையை அமைப்பது?

கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைக்கும் மலைப்பாதை 1904ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அப்போது செங்கோட்டையும் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டதே. 1956ஆம் ஆண்டு மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோதுதான் அது தமிழகத்துடன் இணைந்தது. 1918இல் இப்பாதை கொல்லத்திலிருந்து திருவனந்தபுரம்வரை நீண்டது. 1931இல் தம்பானூரை அடைந்தது. நாகர்கோவிலிலிருந்து நேரே வரும் பாதை 1979இல்தான் அமைந்தது. அதற்கு முன்னர்த் தென்மாவட்டங்களிலிருந்து இந்நகருக்கு இரயிலில் பிழைப்புத் தேடி வந்தவர்கள் தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர், கொல்லம் எனச் சுற்றியே வந்தனர். கொல்லம் திருவனந்தபுரம் பகுதி 1976இல் அகலப்பாதை ஆயிற்று. மலைப்பகுதி மட்டும் பழைய அகலத்திலேயே நெடுங்காலம் நீடித்தது. ‘ஒய்டிஎம்4’ வகை டீசல் இன்ஜின்கள் அங்கே பெட்டிகளை இழுத்தன. 2010ஆம் ஆண்டு அப்பாதை மூடப்பட்டது. அகலப்பாதையாகி 2018இல் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது.

இப்பாதையின் அழகு கழுதுருட்டி அருகே உள்ள பதின்மூன்று வளைவுப் பாலம். மலையாளத்தில் ‘பதிமூன்னு கண்ணறப் பாலம்’ என்பர். கருங்கல்லால் கட்டப்பட்டது; பாதை அகலமானபோது பாலம் இடிக்கப்படவில்லை, வலுப்படுத்தப்பட்டது. நீளம் ஏறத்தாழ 100 மீட்டர். மாதிரியில் 115 சென்டிமீட்டர். ஒரு பெரிய மேசையில் அடங்கும்! ஆனால் புனலூர் முதல் செங்கோட்டை வரையிலான ஏறத்தாழ 50 கிலோமீட்டரும் வேண்டுமென்றால் 575 மீட்டர் தண்டவாளம் தேவை. ஆகவே எதை வைப்பது, எதை விடுவது என்னும் தேர்வு வந்துவிடுகிறது. பாலம், ஒரு சிறு நிலையம், ஆரியங்காவுக்கும் பகவதிபுரத்திற்கும் இடையிலுள்ள குகை, இவை இருந்தால் பாதையின் உயிர் வந்துவிடும்.

பாலம் அட்டையில் தொடங்குகிறது. ஒரு வளைவை வெட்டி அதையே அச்சாகக் கொண்டு மற்ற பன்னிரண்டையும் வெட்டுவர். அதன்மேல் சுவருக்குப் பூசும் பட்டியை மெல்லப் பூசி, காயும் முன் எழுதுகோல் முனையால் கல்லின் இணைப்புகளைக் கீறுவர். எல்லாக் கற்களையும் ஒரே அளவில் கீறினால் அது கட்டடமாகத் தோன்றாது. சமையலறைச் சுவரின் ஓடுகளாகத் தோன்றும். சாம்பல் வண்ணம் பூசியபின், நீரில் கரைத்த கறுப்பு வண்ணத்தை வழியவிட்டு உடனே துடைத்தால் மழைக்கறை வந்துவிடும்.

குகைக்கு இருபுறமும் எந்த மரங்களை வைப்பது? இங்கேதான் முதியோரின் துணை தேவைப்படுகிறது. புகைப்படங்களில் பாலம் இருக்கும், இன்ஜின் இருக்கும். வண்டி வருமுன் நிலையத்தில் என்ன விற்றார்கள், கைகாட்டி எப்பக்கம் நின்றது, எந்த மேட்டில் வண்டியின் ஒலி மாறியது என்பவை நினைவில் மட்டுமே உள்ளன. பாதை அகலமானபோது பழைய நடைமேடைகளும் கைகாட்டிகளும் மாறிவிட்டன. அந்தப் பாதையில் இளமையில் பயணம் செய்தவர் மேசையருகே வந்து நின்றால், கட்டியவர் பெருமையோடு காட்டுவார். வந்தவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “கிழக்குப் பக்கம் இத்தனை பச்சை ஏது? அங்கே பனையை வை, அப்பா. காற்று வேறு சுழற்றியடிக்கும்” என்பார். மேற்கே இரப்பர் தோட்டங்கள், நெருங்கிய காடு. கிழக்கே இறங்கினால் வெயிலும் பனையும். ஒரு வாரம் ஒட்டிய மரங்களை அன்று மாலையே பிடுங்க நேரிடும். இத்தகைய திருத்தத்தைக் கட்டியவர் தட்டுவதில்லை. அடுத்த வாரம் கேட்க அவர் ஊருக்குத் திரும்பியிருக்கக்கூடும்.

இப்பொழுதுபோக்கு விளையாட்டளவில் நின்றுவிடுவதும் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1946இல் மாணவர்கள் ஒரு மாதிரி இரயில் மன்றம் தொடங்கினர். மேசைக்கு அடியில் தொலைபேசி உறுப்புகளைக் கொண்டு கம்பிகளைப் பிணைத்துப் பழகியவர்களுள் சிலர், பின்னர்க் கணினி நிரல் எழுதுவதில் முன்னோடிகள் ஆயினர். இந்தியாவில் புனே நகரத்துக் கோத்ரூட் பகுதியில் ஜோஷி சிறுவடிவ இரயில் அருங்காட்சியகம் 1998 முதல் இயங்கி வருகிறது. ஒருவரின் தனி ஆர்வத்தில் வளர்ந்த அந்த மேசையைக் காணப் பள்ளிப் பிள்ளைகள் வருகின்றனர். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இரட்டையரான சகோதரர்கள் தொடங்கி 2001இல் திறந்த காட்சியகமோ உலகப் புகழ் பெற்றது.

மாலையில் விளக்கைக் குறைத்துவிட்டு வண்டியை ஓட்டுவர். வேகத்தை மிகுத்து ஓட்டுவது புதியவர் வழக்கம். பழகியவர் மெதுவாகவே ஓட்டுவர். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 8.3 மீட்டர் கடக்கும். மாதிரியில் அது 9.6 சென்டிமீட்டர். அவ்வாறு ஓட்டினால் மேசைமேல் உள்ள பாலத்தை இன்ஜின் கடக்க 12 நொடிகள் ஆகும். கழுதுருட்டியில் உண்மைப் பாலத்தைக் கடக்கவும் அதே 12 நொடிகள்தாம். எல்லாம் 87இல் ஒரு பங்காகச் சுருங்கிவிட்ட அந்த அறையில் நேரம் மட்டும் சுருங்குவதில்லை.

சொற்பொருள்

ஆரம் – வட்ட மையத்திலிருந்து விளிம்புவரை உள்ள தொலைவு
இம்மி – மிகச் சிறிய அளவு
கைகாட்டி – இரயிலுக்கு வழி அறிவிக்கும் கம்பம்
சாண் – விரித்த கையில் கட்டைவிரல் நுனி முதல் சிறுவிரல் நுனிவரை உள்ள நீளம்
காயல் – கடலை ஒட்டிய நீர்நிலை

பயிற்சி

1. பொம்மை இரயிலுக்கும் மாதிரி இரயிலுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. இந்திய அகலப்பாதையை 16.5 மில்லிமீட்டர் பாதையில் அமைப்பதில் உள்ள இடர்ப்பாட்டைக் கணக்கிட்டு விளக்குக.
3. “நாம் ஓட்டுவது பொய்யான பாதையா?” – இவ்வினாவிற்கு நீங்கள் கூறும் விடை என்ன? காரணத்துடன் எழுதுக.
4. உங்கள் குடும்பத்தார் முதன்முதலில் திருவனந்தபுரத்திற்கு எவ்வழியாக வந்தனர்? வீட்டிலுள்ள பெரியவரிடம் கேட்டு, அவர் கண்ட ஒரு நிலையத்தைப் பத்து வரிகளில் எழுதுக.