பட்டறை ஆட்களுக்கு இணையத்தில் பாடம்: எங்கிருந்து தொடங்குவது?

வடசென்னையில் எண்ணூர் அசோக் லேலண்ட், திருவொற்றியூர் எம்.ஆர்.எஃப். போன்ற பெரிய ஆலைகள் தங்கள் ஆட்களைத் தாங்களே பயிற்றுவித்துக்கொள்ளும். டோல்கேட் பக்கத்து லேத் பட்டறைக்கும் துறைமுகத்துக்கு ட்ரெயிலர் ஓட்டும் லாரி ஆபீசுக்கும் அந்த வசதி ஏது? பத்துப் பேர், ஒரு சூப்பர்வைசர், ஓயாத வேலை. இவர்கள் இலவச இணையப் பாடங்களையும் ஒரு வாட்ஸ்அப் குழுவையும் வைத்தே ஆட்களைத் தேற்றிவிட முடியும்.

முதலில், வேலை எங்கே தடைப்படுகிறது என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். இ-வே பில்லில் வண்டி எண் தப்பு, வாடகைக் கணக்கு கூட்டல் தப்பு, டிராயிங்கில் அளவு புரியாமல் வீணான ஜாப். இவற்றில் அதிகம் நஷ்டம் தரும் ஒன்றை மட்டும் எடுங்கள்.

அடுத்தது பாடம். கணக்கு எழுதுவோருக்கு மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் நல்ல தொடக்கம். லிப்ரே ஆபீஸ் போன்ற மென்பொருள்களைச் சுமார் பத்து நிமிடப் பாடங்களாகத் தமிழ்க் குரலிலேயே கேட்கலாம். திரையின் ஒரு பாதியில் பாடம், மறு பாதியில் மென்பொருள். நிறுத்தி நிறுத்திச் செய்து பார்க்க வேண்டும். ஃபிட்டர், டர்னர், வெல்டருக்குக் கிண்டியில் இயங்கும் நிமி நிறுவனத்தின் ஐ.டி.ஐ. நூல்கள் தமிழில் உண்டு. டிப்ளமோ படித்தவர்களை, ஐ.ஐ.டி.கள் 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களில் ஸ்வயம் தளம் வழியாகச் சேர்த்துவிடுங்கள். சேரக் காசு வேண்டாம். சான்றிதழ் வேண்டுமென்றால் கட்டணம் கட்டி நேரில் தேர்வு எழுத வேண்டும். வாரப் பயிற்சிக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண்.

இனி குழு. பலர் சறுக்குவது இங்கேதான். லோடு விவரம் போகும் குழுவிலேயே பாடத்தையும் போட்டால் இரண்டும் கெடும். ஆறேழு பேரோடு தனிக் குழு தொடங்குங்கள். முதலாளி அதில் இருக்கவே கூடாது என்பேன். அவர் பார்க்கிறார் என்று தெரிந்தால், தெரியாததை யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். கை தேர்ந்த, கோபப்படாத ஒரு மூத்த தொழிலாளியைப் பொறுப்பாக்குங்கள். “அண்ணே, இந்த அளவை எப்படிப் பார்க்கிறது?” என்று கூச்சமில்லாமல் கேட்கும் இடமாக அது இருக்க வேண்டும். எழுதச் சிரமப்படுவோர் குரலில் பேசி அனுப்பட்டும்.

கேள்வி கேட்கவும் பழக்க வேண்டும். ஸ்போக்கன் டுடோரியலின் கேள்வி-பதில் பகுதியில், எந்தப் பாடம், எத்தனையாவது நிமிடம், எந்த நொடி என்று குறிப்பிட்டுக் கேட்கலாம். உங்கள் குழுவிலும் அதே கறார் இருக்கட்டும்: எந்த மெஷின், என்ன செய்தீர்கள், என்ன ஆனது, ஒரு போட்டோ. வெளியாட்கள் இருக்கும் இடத்தில் கேட்கும்போது மட்டும் வாடிக்கையாளரின் டிராயிங்கையோ பில்லையோ போடக் கூடாது. அது அவர்கள் சொத்து.

நேரம் உங்கள் கணக்கில்தான் போக வேண்டும். ஷிஃப்ட் தொடங்கியதும் அரை மணி, வாரம் இரண்டு நாள், சம்பளத்தோடு. இரவு வீட்டில் பார்த்துக்கொள் என்றால் இரண்டாம் வாரமே நின்றுவிடும். டேட்டா ரீசார்ஜும் கம்பெனிச் செலவே. துறைமுக வரிசையில் காத்திருக்கும் டிரைவர்கள் வண்டி நின்றிருக்கும்போது மட்டும் பாடம் கேட்கட்டும்.

வாட்ஸ்அப்பில் வந்த நல்ல பதில் நாலு நாளில் அடியில் போய்விடும். அதை ஒருவர் நோட்டில் எழுதி மெஷின் பக்கத்திலேயே மாட்டட்டும்.

மூன்று மாதம் கழித்து, முதலில் குறித்த அதே தவறுகளை மறுபடி எண்ணிப் பாருங்கள். குறைந்திருந்தால் கற்றவர்களுக்குச் சம்பளத்தில் அது தெரிய வேண்டும். கற்றுக்கொண்டு ஒரகடத்து ஆலைகளுக்குப் போய்விடுவார்கள் என்று பயப்படுவோர் உண்டு. போகிறவர்கள் கூலிக்காகவே போகிறார்கள். அதைச் சரிசெய்வது உங்கள் கையில். அடுத்த குழுவுக்குப் பொறுப்பாளராக இந்தக் குழுவிலேயே அதிகம் கேள்வி கேட்டவரைப் போடுங்கள்.