பெரிய வளாகத்தின் சிறிய வீடுகள்

வீட்டுக்கடன் கோரி வரும் வாடிக்கையாளரிடம், தாம் வாங்கவிருக்கும் மனை மாநகராட்சியின் வளர்ச்சித் திட்டத்தில் எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளது என்று நாங்கள் கேட்பதுண்டு. பலருக்கு அது வியப்பளிக்கிறது. வீடு வாங்குபவருக்கு நகரத்தின் வரைபடம் எதற்கு என்பது அவர்தம் எண்ணம். மகாராட்டிர மாநிலத்தின் பெருநகரங்களைச் சான்றாகக் கொண்டு இதற்கு விடை காண்போம்.

அம்மாநிலத்தின் 1966ஆம் ஆண்டு மண்டல, நகரமைப்புச் சட்டப்படி மாநகராட்சி தன் எல்லைக்குள் அமைந்த நிலம் முழுமைக்கும் வளர்ச்சித் திட்டம் வகுக்க வேண்டும். குடியிருப்பு எங்கே, பள்ளி எங்கே, சாலை எவ்வளவு அகலம் என்பனவெல்லாம் அதில் இடம்பெறும். வரைவினை வெளியிட்டு மக்களின் ஆட்சேபங்களைக் கேட்பது மாநகராட்சியின் கடமை. இறுதி ஒப்புதல் மாநில அரசினுடையது. மும்பைக்கான 2034 திட்டத்தின் முதல் வரைவு 2015 பிப்ரவரியில் வெளியானபோது பிழைகள் மலிந்திருப்பதாகக் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஏப்ரல் மாதத்திலேயே அதனைத் திருத்தி எழுதுமாறு முதலமைச்சர் ஆணையிட்டார். திருத்திய வரைவு 2016இல் வெளிவந்து, 2018 மே மாதம் அரசின் ஒப்புதலைப் பெற்று, செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. தங்கள் தெரு அதில் எப்படி வரையப்பட்டிருக்கிறது என்று பார்த்து மனுக் கொடுத்தவர்களுள் சாதாரணக் குடியிருப்பாளர்களும் பலர்.

வரைபடத்தைப் போலவே, மாநில அரசு விதிக்கும் நிபந்தனையும் வீடு வாங்குபவரைத் தொடுகிறது. 10 இலட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில், 4,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள மனையில் குடியிருப்புத் திட்டம் எழுப்புவோர், அதில் 20 விழுக்காட்டை நலிந்த பிரிவினருக்கும் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கும் உரிய சிறு வீடுகளாகக் கட்ட வேண்டும் என 2013இல் அரசு விதி செய்தது. இவ்வீடுகள் 30 முதல் 50 சதுர மீட்டர் வரையிலானவை. மாநில வீட்டுவசதி வாரியமான 'மாடா' குலுக்கல் மூலம் பயனாளிகளைத் தெரிவு செய்கிறது.

5,000 சதுர மீட்டர் மனை, தளப்பரப்புக் குறியீடு 1 எனக் கொள்வோம். சாலை முதலிய கழிவுகளைக் கணக்கில் சேர்க்காவிட்டால், சிறு வீடுகளுக்கு உரிய பரப்பு 1,000 சதுர மீட்டர்; ஏறத்தாழ 20 முதல் 33 வீடுகள். இவற்றுக்குச் சந்தை விலை கிடைக்காது. எனவே பெரிய வீடுகளைக் கொண்ட கோபுரங்களை முதலில் உயர்த்திப் பணம் திரட்டுவதும், சிறு வீடுகளின் பகுதியைப் பின்னுக்குத் தள்ளுவதும் கட்டுநருக்கு ஆசையூட்டும் வழியாகும்.

அந்த ஆசைக்கு விதியே ஒரு பூட்டுப் போட்டிருக்கிறது. சிறு வீடுகளுக்குக் குடிபுகு சான்றிதழ் கிடைக்கும் வரை, திட்டத்தின் ஏனைய பகுதிக்கு அச்சான்றிதழ் வழங்கக்கூடாது என்பதே அது. வழக்கில் இதனை ஓ.சி. என்பர், எளிதில் 'ஓசி'யாகக் கிடைக்கும் பொருள் அன்று. முன்புறக் கோபுரத்தில் மூன்று அறை வீட்டுக்கு முழுத் தொகையும் செலுத்தியவர், பின்புறத்தில் அடித்தளம்கூடப் போடப்படாத ஒரு கட்டடத்துக்காகக் காத்திருக்க நேரிடலாம். அக்காலத்தில் வாடகையும் தவணையும் ஒருசேரப் போகும். நடுத்தரக் குடும்பம் ஒன்றுக்கு இஃது எத்தகைய சுமை என்பதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே முன்பணம் தருவதற்கு முன் மனையின் மொத்தப் பரப்பைக் கேட்டறியுங்கள். உங்கள் வீட்டின் பரப்பு மட்டும் போதாது. பரப்பு 4,000 சதுர மீட்டரை எட்டினால், சிறு வீடுகள் எந்தக் கட்டடத்தில் அமைகின்றன, அதன் பணி எந்த நிலையில் உள்ளது என்று நேரில் சென்று காண்பது நலம். சில நிபந்தனைகளின்கீழ் அவ்வீடுகளை அதே நகரில் வேறிடத்தில் கட்டித்தரவும் இடமுண்டு. அப்படியாயின் அந்த இடத்தையும் கேட்டுப் பெறுங்கள். மனையின் பரப்பு எல்லைக்குச் சற்றே குறைவாக இருந்து, பக்கத்து மனையும் அதே உரிமையாளருடையதாக இருப்பின் எங்கள் சட்ட ஆலோசகர் 'சாத்பாரா' எனப்படும் 7/12 நிலப்பதிவேட்டைக் கூடுதல் கவனத்துடன் புரட்டுவார். விதிக்குத் தப்புவதற்காகவே நிலம் துண்டாடப்பட்டதா என்ற ஐயம் பின்னாளில் எழுந்தால், அதன் விளைவு வாங்கியவர் தலையிலும் விழக்கூடும்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இங்கே துணை நிற்கிறது. பதிவு செய்த ஒப்பந்தமின்றி விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெறுதல் கூடாது. வாங்குவோரிடமிருந்து பெறும் தொகையில் 70 விழுக்காடு தனிக்கணக்கில் இருத்தல் வேண்டும். ஒப்பந்தத்தில் குறித்த நாளில் வீட்டை ஒப்படைக்காவிடில், விலகிக்கொண்டு பணத்தை வட்டியுடன் திரும்பப் பெறவோ, விலகாமல் தாமதத்துக்கு வட்டி கோரவோ உங்களுக்கு உரிமையுண்டு. ஆனால் ஒப்படைப்பு நாள் என்று குறித்தது ஓ.சி. பெற்ற பின்னரான ஒப்படைப்பையா, வெறுமனே சாவி தருவதையா என்பதை ஒப்பந்த வாசகத்தில் ஊன்றிப் படியுங்கள். சாவி வாங்கிக் குடியேறிவிட்டு ஓ.சி.க்காகக் காத்திருப்போரின் நிலை சங்கடமானது. அவ்வீட்டை மறுவிற்பனை செய்ய முற்படும்போது, வாங்க வருபவருக்குக் கடன் தர வங்கிகள் தயங்கும்.

குலுக்கலில் சிறு வீடு கிடைத்தவர்களும் எங்களை நாடுகின்றனர். அவர்களது ஒதுக்கீட்டுக் கடிதத்தில் பணம் செலுத்தவேண்டிய கெடு குறிக்கப்பட்டிருக்கும். வீட்டை அடமானம் வைக்க வாரியத்தின் தடையின்மைச் சான்றும் தேவை. கடிதம் கைக்கு வந்த வாரத்திலேயே வருமானச் சான்றுகளுடன் கிளைக்கு வந்துவிட்டால், கெடுவுக்குள் கடனை வழங்க எங்களுக்கும் அவகாசம் கிடைக்கும்.