இரண்டாம் முறை வரும் டெங்கும் எண்டோசோமும்

"எனக்கு முந்தியே டெங்கு வந்திட்டு, இனிப் பயமில்ல" என்று எங்கள் ஒலுவிலில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த எண்ணம் ஏன் ஆபத்தானது என்பது, உயர்தர உயிரியலில் கலத்தைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

கலமென்சவ்வில் வாங்கிகள் எனும் புரதங்கள் உள்ளன. பொருத்தமான பொருள் அவற்றில் ஒட்டியதும் மென்சவ்வு உட்குழிந்து, சிறு பையாகக் கழன்று உள்ளே செல்லும். இப்பைகள் சேரும் இடமே எண்டோசோம். கடற்கரையில் மீன் தரம் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மீன் சந்தைக்கும் கருவாட்டுக்கும் போக, வெறும் பெட்டி தோணிக்குத் திரும்பும். எண்டோசோமிலும் அப்படித்தான். அதனுள் ஐதரசன் அயன்கள் செலுத்தப்பட்டு அமிலத்தன்மை கூடும்போது, பல வாங்கிகள் சுமையை விட்டுவிட்டு மென்சவ்வுக்குத் திரும்புகின்றன. சுமையில் பெரும்பகுதி இலைசோசோமுக்குச் சென்று நொதியங்களால் சமிக்கப்படுகிறது.

டெங்கு வைரசும் இதே வழியால்தான் நுழைகிறது. ஆனால் எண்டோசோமின் அமிலம் பட்டதும் அதன் உறைப் புரதம் வடிவம் மாறுகிறது. வைரசின் உறை எண்டோசோமின் மென்சவ்வுடன் ஒன்றிவிட, உள்ளிருக்கும் ஆர்.என்.ஏ. குழியவுருவுக்குள் தப்பிவிடுகிறது. பொருட்களைப் பிரிக்க உதவும் அமிலமே வைரசுக்குக் கதவைத் திறக்கிறது.

டெங்கு வைரசில் 4 வகைகள் உள்ளன. ஒரு வகை வந்து சுகமானால் அந்த வகைக்கு மட்டுமே நீண்டகாலப் பாதுகாப்பு உண்டு. பிறகு வேறு வகை தொற்றினால், பழைய பிறபொருளெதிரிகள் அதில் ஒட்டினாலும் அதைச் செயலிழக்கச் செய்யாமல் விடலாம். தின்குழியங்களில் பிறபொருளெதிரிகளைப் பிடிக்கும் வாங்கிகள் இருப்பதால், அவை வைரசையும் சேர்த்து எண்டோசோமுக்குள் எடுத்துவிடுகின்றன. வைரசு பெருகுகிறது. இரண்டாம் முறை வரும் டெங்கு கடுமையாவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

2017 இல் இலங்கையில் 1,80,000 க்கும் அதிகமானோருக்கு டெங்கு ஏற்பட்டது. அதற்கு முன் சில ஆண்டுகளாக 1 ஆம் வகையே கூடுதலாகப் பரவியிருந்தது. அவ்வாண்டு 2 ஆம் வகை முன்னுக்கு வந்தது.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், முன்பு டெங்கு வந்திருந்ததை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அஸ்பிரின், இபுபுரூபன் கொடுக்க வேண்டாம். காய்ச்சல் விடும் நாட்களிலேயே நிலைமை மோசமாகலாம் என்பதால் அப்போதும் கவனமாயிருங்கள். சகோதரிகளே, முற்றத்துச் சிரட்டையையும் பழைய டயரையும் இன்றே பாருங்கள். நுளம்பு பெருகாவிட்டால் வைரசு எங்கள் கலங்களை வந்தடைய வழியில்லை.