கூரையில் துரு தெரிந்தால்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

திருவனந்தபுரத்தில் சங்குமுகம், வலியதுறை, பூந்துறைப் பக்கம் போனால் பழைய கான்கிரீட் வீடுகளின் சன்ஷேடுகளை அண்ணாந்து பாருங்கள். அடிப்பக்கம் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரியும் வீடுகள் கண்ணில் படும். கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் கரமனையிலும் கோட்டைப் பகுதியிலும்கூட இந்தப் பிரச்சினை உண்டு. அங்கே உப்புக்காற்றைவிட மழை ஒழுக்குக்குத்தான் பங்கு அதிகம். இடவப்பாதி, துலாவர்ஷம் என்று வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் நனைகிற ஊர் இது.

நல்ல கான்கிரீட்டுக்குக் காரத்தன்மை அதிகம். அந்தக் காரம்தான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே இறங்கி அதைக் குறைத்துவிடும். குளோரைடு உப்போ, காரம் குறையாமல் இருக்கும்போதே கம்பியை அரிக்க வல்லது. துருவாக மாறிய இரும்பு, தன் பழைய பருமனைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில்தான் கான்கிரீட் வெடித்து விழுகிறது. ஆகவே கூரையிலிருந்து ஒரு சில்லு விழுந்தால் அதைப் பூச்சு வேலையாக நினைக்காதீர்கள். கோளாறு கம்பியில் இருக்கிறது.

கண்டுபிடிக்க: செய்ய வேண்டியவை

• விரிசல் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். பீமின் அடியில் நீளவாக்கிலும் தூணின் மூலையில் மேலிருந்து கீழாகவும் நேர்கோடாக ஓடும் விரிசல், உள்ளே கம்பி போகும் தடத்தைப் பெரும்பாலும் அப்படியே காட்டும். அதன் ஓரத்தில் பழுப்புக் கறையும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

• சிறு சுத்தியலால் கூரையைத் தட்டிக்கொண்டே போங்கள். திடமான இடத்தில் 'டங்' என்று கெட்டியாகக் கேட்கும். உள்ளே பிரிந்துவிட்ட இடத்தில் 'டொப்' என்று பொள்ளலாகக் கேட்கும். அப்படிக் கேட்கும் இடங்களைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிடுங்கள். கண்ணுக்குத் தெரிந்த பழுதைவிட வட்டங்களின் பரப்பு அனேகமாகப் பெரிதாகவே இருக்கும். தலைக்கு ஹெல்மெட், கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் தட்ட வேண்டாம்.

• விழுந்த சில்லைப் புரட்டிப் பாருங்கள். அதன் உட்புறத்தில் கம்பியின் முறுக்குத் தடம் பழுப்பாகப் பதிந்திருக்கும். சில்லின் வெளிமுகத்திலிருந்து அந்தத் தடம் வரை எத்தனை மில்லிமீட்டர் கான்கிரீட் இருந்தது என்று அளந்துகொள்ளுங்கள். கம்பியை மூடும் இந்தக் கனம்தான் கவர். கடலோரக் கட்டடங்களுக்கு இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 கேட்பது 45 மில்லிமீட்டர் கவர். கடல்நீர்த் தெறிப்பே படும் இடமானால் 50. பழைய சன்ஷேடுகளில் 15 இருந்தாலே பெரிது.

• பால்கனியையும் சன்ஷேடையும் மேலிருந்தும் பாருங்கள். சுவரிலிருந்து நீட்டி நிற்கும் பலகைக்குப் பாரம் தாங்கும் கம்பி மேற்புறத்தில் இருக்கிறது. அடியில் பெயர்ந்திருப்பது கண்ணுக்குப் பயங்கரமாகத் தெரியும். உண்மையான ஆபத்து, சுவரோடு சேரும் இடத்தில் மேற்புறம் ஓடும் விரிசல். அதைக் கண்டால் அன்றைக்கே பால்கனிக் கதவைப் பூட்டுங்கள், அடியில் ஆள் நடமாட்டத்தையும் நிறுத்துங்கள்.

• பழுது பல இடங்களில் பரவியிருந்தால் கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துச் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஸ்ரீகாரியத்தில் இருக்கும் அரசு பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் விசாரிக்கலாம். புதிதாக உடைத்த முகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் மிச்சமிருக்கும் இடம் இளஞ்சிவப்பாகும், போய்விட்ட இடம் நிறம் மாறாது. ஆனால் இந்தச் சோதனை உப்பைக் காட்டாது. கடலோர வீட்டுக்குக் குளோரைடு சோதனை தனியாக வேண்டும்.

அந்தச் சோதனையின் அருமையைக் கொச்சியிலிருந்து கற்கலாம். வைற்றிலாவில் ராணுவத்தினருக்காகக் கட்டி 2018-இல் ஒப்படைக்கப்பட்ட சந்தர் குஞ்ச் குடியிருப்பில், சில வருடங்களிலேயே கான்கிரீட் பெயர ஆரம்பித்தது. கான்கிரீட்டிலேயே குளோரைடு இருப்பது ஆய்வுகளில் தெரியவந்தது. பி, சி என்ற இரண்டு கோபுரங்களையும் இடித்துக் கட்டித்தர வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் கேரள உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 208 குடும்பங்களின் வீடுகள் அவை. உப்பு எங்கும் பரவிய கான்கிரீட்டில் மேலே மேலே ஒட்டுப்போடுவது பணத்தைக் கடலில் போடுவதுதான்.

கண்டுபிடித்த பிறகு: செய்யக்கூடாதவை

• சிமென்ட் சாந்து அப்பி, புட்டி தேய்த்து, பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள். வீட்டை விற்கும் முன்னும் கல்யாணத்துக்கு முன்னும் இதுதான் அதிகம் நடக்கிறது. துரு நிற்காது. அடுத்த முறை விழுவது இன்னும் பெரிய துண்டாக இருக்கும், அடியில் யாராவது இருக்கலாம்.

• மொட்டைமாடிக்கு மேல் தகரக் கூரை போட்டதோடு வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள். கேரளம் முழுக்க இந்த வழக்கம் இருக்கிறது. மழை நிற்கும், நல்லதுதான். ஆனால் உள்ளே இறங்கிவிட்ட உப்பு அங்கேயேதான் இருக்கும். கூரைக் கால்களுக்காகத் துளையிட்ட இடங்களைச் சரியாக அடைக்காவிட்டால் அதுவே புது ஒழுக்கு.

• துருப்பிடித்த சன்ஷேடில் ஏ.சி. வெளிப்பெட்டியையும், பழுதான ஸ்லாபின் மேல் தண்ணீர்த் தொட்டியையும் வைக்காதீர்கள்.

• அடுக்குமாடியில் மேல்வீட்டுக் குளியலறை ஒழுக்கைக் கீழ்வீட்டுக்காரர் தலையில் கட்டாதீர்கள். குளியலறைத் தரையைத் திறந்து அடைக்காமல் கீழே எத்தனை முறை பூசினாலும் வீண். குடியிருப்போர் சங்கம் தலையிட்டே ஆகவேண்டிய விஷயம் இது.

பழுதுபார்க்க: செய்ய வேண்டியவை

• ஒழுக்கை மழைக்காலத்தில் கண்டுபிடியுங்கள், வேலையைத் துலாவர்ஷம் ஓய்ந்தபின் டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவே வையுங்கள். தண்ணீர் வரும் வழியை முதலில் அடையுங்கள்.

• உடைக்கும் முன் முட்டுக் கொடுங்கள். பீம், தூண் என்றால் எங்கே, எத்தனை முட்டு என்பதைப் பொறியாளர் சொல்ல வேண்டும்.

• கம்பியின் முன்பக்கத்தோடு நிறுத்தாமல் அதன் பின்னாலும் விரல் நுழையும் அளவுக்கு, ஏறக்குறைய 20 மில்லிமீட்டர், கான்கிரீட்டைக் கொத்தி எடுக்கச் சொல்லுங்கள். கம்பியின் நீளத்தில், துரு முடிந்து நல்ல கம்பி தெரியும் வரை போக வேண்டும். கொத்தனார்கள் பாதியில் நிறுத்த நினைப்பது இங்கேதான். பழுதுபார்ப்பு நிலைப்பதும் நிலைக்காததும் இங்கேதான் முடிவாகிறது.

• கம்பியைப் பிரஷ் போட்டு உலோகப் பளபளப்பு வரும்வரை தேயுங்கள். மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டுமா என்று பொறியாளரைக் கேளுங்கள். பிறகு துருத்தடுப்புப் பூச்சு, ஒட்டுப்பூச்சு, பாலிமர் கலந்த சாந்து. கனமான இடத்துக்கு மைக்ரோ கான்கிரீட். பை மேல் எழுதியிருக்கும் நாள்கணக்குப்படி நீராற்றுதல்.

பழுதுபார்க்கும்போது: செய்யக்கூடாதவை

• கடல் மணல், கடலோரக் கிணற்றின் உவர்நீர் இரண்டையும் கலவைக்குச் சேர்க்காதீர்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்பது விதி. பரிசோதிக்காத கிணற்று நீரை நீராற்றவும் விடாதீர்கள்.

• ஒரே நாளில் எல்லாத் தூண்களையும் கொத்த விடாதீர்கள். ஒன்று முடிந்து வலுவேறிய பின் அடுத்தது.

• உப்பேறிய கூரையில் விழுந்த இடத்தை மட்டும் புதுப்பித்து நிம்மதியடையாதீர்கள். புது ஒட்டைச் சுற்றியுள்ள பழைய கான்கிரீட்டில் துரு வேகம் பிடிப்பது தெரிந்த விஷயம். அத்தகைய இடங்களில் ஒட்டுக்குள் துத்தநாகக் கட்டிகளைக் கம்பியோடு இணைத்து வைக்கும் முறை உண்டு. துத்தநாகம் தான் கரைந்து கம்பியைக் காக்கும்.

• சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று ஒரே வரியில் ஒப்பந்தம் போடாதீர்கள். கொத்தும் ஆழம், கம்பி சுத்தம், பூச்சின் பெயர், நீராற்றும் நாள்கள் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். கம்பி சுத்தமான அன்று, வேலைக்குப் போகிறவராக இருந்தாலும் அரைநாள் லீவு போட்டு ஏணியில் ஏறிப் பாருங்கள், படம் எடுத்து வையுங்கள். நீங்களோ பொறியாளரோ கண்ணால் பார்க்காத கம்பியின் மேல் ஒரு கரண்டி சாந்துகூட ஏற விடாதீர்கள்.